வைக்கோலுக்கு அடியில் ஒரு குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

அறுவடைக்குப் பிறகு வயலில் கிடக்கும் தாள் (அறுத்த பின் நிற்கும் அடித்தண்டு), வைக்கோல், சோகை (காய்ந்த கரும்பிலை), தட்டை (மக்காச்சோளத்தின் காய்ந்த தண்டு) பற்றி கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாக் கேள்விகளும் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்கே வருகின்றன: மண்ணின் மேற்பரப்பில் ஓடித் திரியும் சிலந்தி, வண்டு, எறும்பு, பூரான், மரவட்டை, நத்தை. இவற்றில் யாரை வயலில் குடிவைப்பது, யாரை வெளியே அனுப்புவது?

சம்பா அறுத்தாயிற்று. பெல்ட் அறுவடை மெஷின் போன பிறகு தாளும் வைக்கோலும் வயல் முழுக்கக் கிடக்கின்றன. அடுத்த நெல் பருவமான நவரை நட நாள் குறைவு. கொளுத்திவிட்டால் பூச்சியும் சேர்ந்து ஒழியும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், பாகூர்

கொளுத்தாதீர்கள். அந்தத் தீயில் சாவது பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய உயிர்கள்தான். நெல்லின் தண்டுத்துளைப்பான் புழு, அறுத்த தாளின் அடியில், மண்ணோடு ஒட்டிய கணுவுக்குள் பதுங்கியிருக்கும். வைக்கோல் தீ சட்டென்று எரிந்து அடங்குவது. ஈரமாக நிற்கும் அடித்தாளை அது முழுக்க எரிப்பதில்லை. அதனால் புழுவில் பல தப்பிவிடும். மேலே வைக்கோல் இடுக்கில் ஒண்டியிருக்கும் சிலந்திக்கும் தரை வண்டுக்கும் தப்ப வழி கிடையாது. ஆழத்தில் இருக்கும் மண்புழு பிழைத்துக்கொள்ளும். ஆனால் மறுநாள் அது மேலே வந்தால் தின்ன ஒரு துரும்பும் இருக்காது, நிழலும் இருக்காது. கரிச்சானும் மைனாவும் கொக்கும் கருகிய வயலில் கூட்டமாக இறங்குவது, ஒளிய இடமில்லாமல் போனவற்றைப் பொறுக்கத்தான்.

ஒரு காலைப்பொழுதில், வெயில் ஏறுமுன், நான்கைந்து நாள் கிடந்த வைக்கோலை ஒரு கைப்பிடி மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது வெள்ளைப் பொடி துள்ளுவது போன்ற அசைவு. அவை ஸ்பிரிங்டெயில் என்று புத்தகங்களில் போடும் துள்ளுவால் பூச்சிகள். கடுகில் பாதிகூட இருக்காது. மட்கும் வைக்கோலில் வளரும் பூஞ்சையைத் தின்று வாழ்கின்றன. பயிரைத் தொடுவது அபூர்வம். இன்னும் கொஞ்சம் விலக்கினால் பழுப்பு நிறத்தில் ஒரு சிலந்தி ஓடும். வலை கட்டாமல் ஓடிப் பிடிக்கும் ஓநாய் சிலந்தி அது. பெண்ணாக இருந்தால் பின்னால் மிளகு அளவில் ஒரு முட்டைப்பையை ஒட்டவைத்துக்கொண்டு ஓடும். குஞ்சு பொரித்ததும் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். நெல் வயலில் ஒரு ஓநாய் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 இரை வரை தின்னும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் வந்தால் புகையானை, தத்துப்பூச்சி வந்தால் தத்துப்பூச்சியை.

புகையான் வருமுன் அது எதைத் தின்று உயிரோடு இருக்கும்? துள்ளுவால் பூச்சியையும், மட்கும் குப்பையில் பிறக்கும் சிறு கொசு வகைகளையும்தான். இந்தோனேசியாவின் ஜாவா தீவு நெல் வயல்களில் நடந்து 1996-இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மட்கும் பொருளை வயலில் கூட்டியபோது குப்பை தின்னும் பூச்சிகள் பெருகின. அவற்றைத் தின்று பொதுவேட்டைக்காரப் பூச்சிகளும் சிலந்திகளும் பெருகின. தீமைப் பூச்சி வந்து சேருமுன்பே வேட்டைப்படை தயாராக இருந்தது. நட்ட புதிதில் அடிக்கும் பூச்சிமருந்து இந்தச் சங்கிலியை அறுத்துவிடும் என்பதும் அதே ஆய்வில் வந்தது. வைக்கோலைக் கொளுத்தும்போது நீங்கள் எரிப்பது சிலந்தியின் முதல் சோற்றை.

சத்துக் கணக்கையும் பாருங்கள். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. தீ வைத்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும். சாம்பல்சத்து சாம்பலில் தங்கும்; அதைக் காற்றும் முதல் தண்ணீரும் கொண்டுபோகும்.

நாள் குறைவு என்றீர்கள். மாட்டுக்கு வேண்டியதைக் கட்டு கட்டும் மெஷின் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச வைக்கோலைச் சீராகப் பரப்பி, தண்ணீர் கட்டி, முதல் சேடை (சேற்றுழவு) ஓட்டும்போதே ஏக்கருக்கு 9 கிலோ யூரியா போட்டுத் தாளை மடக்கி உழுங்கள். எக்டருக்கு 22 கிலோ என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இந்தக் கணக்குதான். மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்வதால் இது தேவை. இதற்கும் நடவுக்கும் நடுவே குறைந்தது 10 நாள் விடுங்கள். விடாமல் நட்டால் நாற்று மஞ்சளாகி நிற்கும், சேற்றில் காலை வைத்தால் குமிழி கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அப்படி ஆகிவிட்டால் யூரியாவை மேலும் மேலும் வீசாமல், தண்ணீரை வடித்து மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும்வரை காயவிடுங்கள். வேருக்குக் காற்று கிடைத்தாலே நாற்று தேறும்.

இன்னொன்று. சேடைத் தண்ணீர் கட்டியதும் தரையில் ஓடும் உயிர்கள் அத்தனையும் வரப்புக்கு ஏறும். அந்த நேரம் பார்த்து எல்லா வரப்பையும் ஒரே நாளில் அண்டை வெட்டி மொட்டையாக்கிவிடாதீர்கள். ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கத்தை ஒரு வாரம் விட்டுவையுங்கள். கை பருமனில், இரண்டடி நீளத்தில் வைக்கோல் கட்டுகள், ஏக்கருக்கு எட்டு பத்து, வரப்பின் மேல் போட்டுவையுங்கள். சிலந்திகள் அதில் ஒதுங்கும். நட்ட 15, 20 நாளில் கட்டுகளை அப்படியே தூக்கி வயலுக்குள் சிறு குச்சிகளில் சாய்த்து வைத்தால், இந்தச் சிலந்தி வேலையாட்கள் தாங்களே இறங்கிக்கொள்வார்கள்.

கரும்புக்குச் சோகை மூடாக்கு (மண்ணை மூடும் போர்வை) போட்டால் இளங்குருத்துப்புழு குறையும் என்கிறார்கள்; கரையான் ஏறும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

இரண்டையும் நம்பலாம். எங்கே, எப்போது, எவ்வளவு போடுகிறீர்கள் என்பதில்தான் வேறுபாடு.

முதலில் புழுவின் போக்கைப் பாருங்கள். அந்துப்பூச்சி இலையின் அடிப்பக்கம் முட்டையிடும். பொரித்த குட்டிப்புழு இலையிலிருந்து இறங்கி, தரையை ஒட்டித் தண்டைத் துளைத்து உள்ளே போகும். நடுக்குருத்து காயும், இழுத்தால் கையோடு வரும், நாறும். முட்டையை விட்டுத் தண்டுக்குள் நுழையும்வரை புழுவுக்குக் காப்பு எதுவும் கிடையாது. அந்தச் சிறிது நேரத்தில் அதைப் பிடிப்பவை எறும்பும் சிலந்தியும்தான். வெறும் மண்ணாக இருந்தால், பங்குனி சித்திரை வெயிலில் பார்களின் (மேட்டு வரிசைகளின்) மேல் அவை பகலில் நடமாடவே முடியாது. சோகை கிடந்தால் அடியில் ஈரமும் நிழலும் இருக்கும். அவை அங்கேயே தங்கும். சூடும் வறட்சியும்தான் இளங்குருத்துப்புழுவுக்குப் பிடித்தவை. சோகை அவற்றையும் குறைக்கிறது.

முறை இது: கரணை (விதைக்கரும்புத் துண்டு) நட்ட மூன்றாம் நாள், பார்களின் மேல் 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குச் சோகையைப் பரப்புங்கள். பார் மேல் என்பதை அழுத்திச் சொல்கிறோம். சாலில் (பார்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில்) கிடக்கும் கரணையின் மேல் போட்டால் முளை மேலே வரத் திணறும், செம்மண்ணாக இருந்தால் கரையான் சோகை வழியாக நேராகக் கரணையின் வெட்டுவாய்க்கு வந்துவிடும். கரையானுக்குக் காய்ந்த பொருள்தான் விருப்பம். சோகையைத் தின்னட்டும், அதனால் நட்டமில்லை. கரணைக்கும் சோகைக்கும் நடுவே நான்கு விரல் வெறும் மண் இருக்கட்டும், தண்ணீர் நாள் தவறாமல் பாயட்டும். முளைவிடும் காலத்தில் காயவிட்ட செம்மண் வயலில்தான் கரையான் சேதம் பெரிதாகிறது. பண்ருட்டிப் பக்கச் செம்மண்ணில் நடுபவர்கள் முளை நன்றாகத் தெரிந்த பிறகே சோகை போடுவது பத்திரம்.

வெள்ளை வேர்ப்புழு வந்தால் பலரும் பழியைச் சோகை மேல் போடுகிறார்கள். மட்காத சாணக்குப்பையை அப்படியே கொட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்; புழு வந்த வழி அதுவாக இருக்கலாம்.

கட்டைக் கரும்பில், அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளரும் கரும்பில், இன்னும் எளிது. ஏக்கருக்கு மூன்று நான்கு டன் சோகை கிடக்கும். கட்டை சீவிய பிறகு, ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைத் திணித்துவிட்டு மறு சாலில் தண்ணீர் பாய்ச்சுங்கள். சோகை தூளாக்கும் மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. துண்டுகள் மண்ணோடு படிந்து சீக்கிரம் மட்கும். நீளச் சோகை குடைபோல மண்ணிலிருந்து எழும்பி நின்றால் அடியில் ஈரம் தங்காது, உயிரும் தங்காது. அங்கே எலிதான் குடியேறும்.

குருணை மருந்தைச் சோகையின் மேல் தூவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அடியில் குடியிருக்கும் எறும்பும் சிலந்தியும் செத்து, சோகை போட்டதன் பலன் மொத்தமும் அதோடு போயிற்று.

சம்பா தாளில் உளுந்து தெளித்தோம். அறுவடை மெஷின் வைக்கோலை வரிசையாகத் தள்ளிவிட்டுப் போன இடங்களில் மட்டும் முளைப்பு இல்லை, இருக்கிற செடியும் அடியில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது.
– வாசகி, காட்டுமன்னார்கோவில்

முளைப்பு இல்லாததற்குக் காரணம் வைக்கோல் கனம். மெஷினின் பின்னால் விழும் வரிசை ஓர் ஆள் நீட்டிய கை அகலம், முழங்கால் உயரம்கூட இருக்கும். அடியில் வெளிச்சம் இல்லாமல் நாற்று வெளுத்து நீண்டு மடங்கிவிடும். வெட்டுப்பட்டுக் கிடப்பது வேறு ஆள் வேலை. சில்வண்டும் வெட்டுப்புழுவும் பகலில் அந்தக் கனத்த வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு இரவில் வெளியே வந்து தரையோடு தண்டைக் கத்தரிக்கின்றன. வெட்டுப்பட்ட செடியின் அடியில் இரண்டு விரல் ஆழம் விரலால் கிளறிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தால் வெட்டுப்புழு.

மெஷின் போன அன்றோ மறுநாளோ கவைக்கம்பால் வைக்கோலை உதறிப் பரப்பிவிட வேண்டும். நிமிர்ந்து நின்று பார்த்தால் வைக்கோலுக்கு இடையில் மண் தெரிய வேண்டும், அதுதான் அளவு. நாள் தள்ளினால் நாற்று வைக்கோலுக்குள் நுழைந்துவிடும், பிறகு உதறும்போது அதுவும் பிடுங்கிக்கொண்டு வரும். இந்த ஆண்டு செய்யக்கூடியது: வரிசையின் மேல்பாதியை மட்டும் மெதுவாக அள்ளி வரப்பில் போடுங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள். மெல்லிய வைக்கோல் நல்லது. மண் ஈரத்தைத் தை, மாசி முழுக்கப் பிடித்துவைக்கும். நின்ற தாளுக்கும் கிடக்கும் வைக்கோலுக்கும் நடுவே சிலந்திகள் இருந்து சில்வண்டுக் குஞ்சுகளைத் தின்னும்.

உளுந்து எடுத்த பிறகு தாளை அப்படியே விடவேண்டாம். இருபது தூரைப் பிடுங்கி அடியைக் கீறிப் பாருங்கள். தண்டுத்துளைப்பான் புழு தென்பட்டால், அடுத்த நெல்லுக்குக் காத்திருக்காமல் கோடை மழையிலேயே உழுது மடக்குங்கள்.

மக்காச்சோளத் தட்டையை வயலில் விட்டால் படைப்புழு பெருகாதா?
– வாசகர், வேப்பூர்

படைப்புழு தட்டையில் கூண்டு கட்டுவதில்லை; பெரும்பாலும் மண்ணில் 2 முதல் 8 செ.மீ. ஆழத்தில்தான் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே தட்டையை எரித்து அதை ஒழிக்க முடியாது. கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கும் புழுவைத் தரை வண்டும் இடுக்கிவாலுள்ள காதுப்பூச்சியும் எறும்பும் வேட்டையாடும். மானாவாரிச் செம்மண்ணில் கறுப்பு முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளியோடு பெரிய தரை வண்டு ஒன்று விறுவிறுவென்று ஓடும், பார்த்திருப்பீர்கள். கையால் பிடிக்காதீர்கள், எரியும் திரவத்தைப் பீய்ச்சும். கொல்லவும் வேண்டாம்.

இங்கே ஒரு முரண் இருப்பதை மறைக்கக் கூடாது. கோடையுழவும், கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கும் படைப்புழுவுக்குப் பரிந்துரை. உழவு கூட்டுப்புழுவை வெயிலுக்குக் கொண்டுவரும். கூடவே வேட்டைக்காரரின் வீட்டையும் கலைக்கும். போன பருவம் சேதம் கடுமையாக இருந்தால் உழுங்கள். ஆனால் வயலின் ஓரத்தில் ஆறடி அகலப் பட்டை ஒன்றை உழாமல், தட்டையை வெட்டிப் பரப்பி விட்டுவையுங்கள். விதைத்த பின் அங்கிருந்து வண்டுகள் நடந்தே உள்ளே வரும். சேதம் குறைவாக இருந்த வயலில் தட்டையை ஒரு சாண் துண்டுகளாக வெட்டிப் பரப்பினாலே போதும் என்பது எங்கள் முடிவு.

கத்தரி, வெண்டைக்கு வைக்கோல் மூடாக்கு போட்டோம். ஐப்பசி மழையில் பெரிய நத்தைகள் படையெடுத்துவிட்டன. மூடாக்கே தப்பா?
– வாசகி, வில்லியனூர்

மழைக்காலத்தில், நத்தை ஏற்கெனவே இருக்கும் தோட்டத்தில், தப்புதான். நீங்கள் சொல்வது ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847-இல் வங்காளத்துக்கு வந்து சேர்ந்து, பிறகு நாடெங்கும் பரவியது. ஈர வைக்கோல் அதற்குப் பகல்வீடு, முட்டையிடவும் இடம். வைக்கோலை விலக்கி மேல்மண்ணைக் கிளறினால் ஜவ்வரிசி போல வெளிர்மஞ்சள் முட்டைகள் குவியலாக இருக்கும். ஒரு குவியலில் இருநூறுகூட இருக்கலாம். அதை விட்டுவிட்டு நத்தையை மட்டும் பொறுக்கினால் வேலை முடியாது.

செடியைச் சுற்றிய வைக்கோலை ஐப்பசி, கார்த்திகையில் எடுத்துவிடுங்கள். பாத்தியைச் சுற்றி மூன்றடி வெறும் மண் இருக்கட்டும். அந்த வளையத்துக்கு வெளியே நனைத்த சாக்குகளைப் போட்டு, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடியுமுன் சாக்கைப் புரட்டினால் நத்தை மொத்தமும் அங்கே இருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கை கூடாது, மனித மூளையைத் தாக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழு இந்த நத்தையில் இருக்கலாம். உப்பை மண்ணில் தூவாதீர்கள்: நத்தை சாகும், மண்ணும் உவர்க்கும், கூடவே மண்புழுவும் போகும். நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு குருணை வாங்கினால் கோழியும் நாயும் எட்டாத இடத்தில் மட்டுமே வையுங்கள்.

மார்கழி கழிந்து மண் காய ஆரம்பித்ததும் மூடாக்கைத் திரும்பப் போடலாம். மாசிக்குப் பிறகு அது இல்லாமல் கத்தரி வேர் வெந்துபோகும்.

மழை வந்தால் வீடு முழுக்க ரயில் பூச்சி. பக்கத்து வயல் குப்பையால்தானா?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

ஆம், ரயில் பூச்சி என்னும் மரவட்டை அங்கிருந்தே வருகிறது; அதன் மண் வளையில் தண்ணீர் நிரம்புவதால் மேட்டைத் தேடி ஏறுகிறது. அது கடிக்காது, மட்கிய குப்பையைத் தின்று எருவாக்கும். வாசற்படி ஓரத்து இலைக்குவியலை மட்டும் தள்ளிப் போட்டு, துடைப்பத்தால் கூட்டி வெளியே விடுங்கள். கவனிக்க வேண்டியவர்கள் நிலக்கடலை போட்டவர்கள்: ஈரக் குப்பை நிறைந்த கடலை வயலில் இளங்காயை அது துளைப்பதுண்டு.

பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்கு, வைக்கோல் விட்ட வயலிலும் சுத்தம் செய்த வயலிலும் தரைப்பூச்சிகளை எண்ணி ஒப்பிட விரும்புகிறோம். எப்படி?
– ஆசிரியர், கடலூர்

குழிப்பொறி போதும். வாய் 7, 8 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் டம்ளர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிப் புதையுங்கள். எடுக்கும்போது உள் டம்ளரை மட்டும் உருவினால் மண் சரியாது. டம்ளர் விளிம்பு மண் மட்டத்தோடு மட்டமாக, விரலால் தடவினால் தட்டாமல் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: விளிம்பு ஒரு நெல் அளவு தூக்கினாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் சிலந்தி தண்ணீர் மேல் நடந்தே வெளியேறும். மேலே மூன்று கூழாங்கல் வைத்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு ஓட்டுத்துண்டால் மூடுங்கள். மழையும் தவளையும் விழாது.

வயலுக்கு ஐந்து பொறி, ஒன்றுக்கொன்று 10 மீட்டர், வரப்பிலிருந்து 5 மீட்டர் தள்ளி. புதைத்த அன்றே திறக்காதீர்கள். கிளறிய மண்ணுக்குப் பூச்சி கூடுவதால் முதல் கணக்கு பொய்யாக வரும். இரண்டு நாள் மூடிவைத்து, பிறகு திறந்து 48 மணி நேரத்தில் எடுங்கள். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் விட்டால் அழுகிப்போகும். எறும்பைத் தனியாக எழுதுங்கள். புற்று பக்கத்தில் இருந்தால் ஒரு டம்ளரிலேயே நூற்றுக்கணக்கில் விழுந்து சராசரியைக் கெடுத்துவிடும்.

இப்போது முக்கியமான ஒன்று. சுத்தம் செய்த வயலில் அதிகம் விழுந்தால் மாணவர்கள் குழம்புவார்கள். குழிப்பொறி எண்ணுவது பூச்சியின் தொகையை மட்டும் அல்ல, நடமாட்டத்தையும் சேர்த்துத்தான். வெறும் மண்ணில் வண்டு தடையின்றி, பசியோடு நெடுந்தூரம் ஓடுகிறது. வைக்கோலில் இரை பக்கத்திலேயே கிடைப்பதால் அதிகம் ஓடுவதில்லை, துரும்புகளும் தடுக்கின்றன. அதனால் இன்னொரு முறையும் சேர்க்க வேண்டும். அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை மூங்கிலில் கட்டி, விடிகாலையில் வயலுக்கு ஐந்து இடத்தில் வைத்து, அதற்குள் இருக்கும் வைக்கோலையும் விரற்கடை மேல்மண்ணையும் வெள்ளைத் துணியில் அள்ளிப் போட்டு எண்ணுங்கள். ஐந்து இடத்தின் சராசரியை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு.

துள்ளுவால் பூச்சியைக் கண்ணால் எண்ண முடியாது. இரண்டு லிட்டர் பாட்டிலை வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக்கி, கழுத்தில் கொசுவலைத் துண்டு வைத்து, ஒரு பிடி வைக்கோல் மண்ணை அதில் போடுங்கள். மேலே ஒரு சாண் உயரத்தில் 40 வாட் குண்டு பல்பு. எல்இடி வேண்டாம், சூடு வராது. மண் மேலிருந்து காயக் காயப் பூச்சிகள் கீழே இறங்கி, அடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். இத்தாலியின் பெர்லேசி 1905-இல் வெந்நீர்ச் சூட்டில் செய்ததை, சுவீடனின் துல்கிரேன் 1918-இல் பல்புக்கு மாற்றினார். அந்தக் கருவிதான் இது. இரண்டு மூன்று நாள் ஆகும். பல்பு வைக்கோலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரவில் பள்ளியைப் பூட்டும்போது அணைத்துவிடுங்கள்.